உடைமர நிழலில் பாலர் பள்ளி: இராமநாதபுரம் கடற்கரைக் குறிப்புகள்

ஞாயிறு, இராமநாதபுரம்

இந்த மாவட்டத்துக் கடற்கரையில் காடு இருக்கிறது, அதுவும் மூன்று விதமாக. மணல்மேடுகளில் குடையாக விரிந்து நிற்கும் உடைமரக் காடு, சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடு, வடக்கே தொண்டிக்குப் போகும் வழியில் காரங்காட்டு அலையாத்திக் காடு. சவுக்குத் தோப்புகளும் உண்டு, ஆனால் அவை மனிதர் நட்டவை. சீமைக்கருவேலம் இல்லாத இடமே இல்லை. அது அடர்ந்துவிட்டால் உள்ளே குனிந்துகூடப் போக முடியாது என்பதால் குழந்தைகளுக்கான காட்டுக் கணக்கில் நான் அதைச் சேர்க்கவில்லை.

மதுரையில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நான் டீச்சர். சுவரில்லாமல் காட்டிலேயே நடக்கும் காட்டுப் பாலர் பள்ளிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து வகுப்பறைச் சுவர்கள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. டென்மார்க்கில் ஃபிளாட்டாவ் என்ற அம்மையார் 1950களின் தொடக்கத்தில் தன் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் தினமும் காட்டுக்குக் கூட்டிப் போனார். அதைப் பார்த்த மற்ற பெற்றோரும் சேர்ந்துகொள்ள, அதுவே ஒரு பள்ளியானது. ஜெர்மனியில் 1993-ல் ஃபிளென்ஸ்பர்க் நகரத்துக் காட்டுப் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தபின் நூற்றுக்கணக்கில் பெருகின. அங்கெல்லாம் பதினைந்து இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். கடையில் வாங்கிய பொம்மைகள் கிடையாது. மழை, பனி எதுவானாலும் வெளியேதான். புயலடித்தால் மட்டும் ஒதுங்க ஒரு மரவண்டி நிற்கும்.

சரி, பனியே பார்க்காத, வெயில் சுட்டெரிக்கிற நம் ஊரில் இது எப்படி இருக்கும்? கல்லூரித் தோழி ஒருவர் இந்த ஊர்க்காரர். "வா, கரையோரமா சுத்திக் காட்டுறேன்" என்றார். தை மாதம் என்பதால் காற்று இதமாக இருக்கிறது. நாளை காலை மண்டபம் பக்கம் போகிறோம்.

திங்கள், மண்டபத்துக்கு மேற்கே

தென்கடலைப் பார்த்த ஒரு மீனவ ஊர். இங்கே அங்கன்வாடி டீச்சர் வெயில் ஏறுமுன் பிள்ளைகளை உடைமரங்களுக்கு அடியில் கூட்டி வருகிறார். அவர் டென்மார்க்கைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. "உள்ள இருந்தா அழுகுதுக டீச்சர், இங்க வந்தா அழுகுறதே இல்லை" என்றார். அங்கன்வாடிகளுக்கென்று தமிழ்நாட்டில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே இருக்கிறது. அதில் உள்ள பாட்டையும் கதையையும் மணலில் உட்கார்ந்தே நடத்துகிறார்.

முதலில் கயிறு கட்டினார்கள். பழைய வலைக் கயிறு ஒன்றை மரத்துக்கு மரம் இழுத்து, கடைசி முனையைக் கரையேற்றி வைத்த வள்ளத்தில் முடிந்தார் ஆயாம்மா. கயிறுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். கயிறைத் தாண்டக் கூடாது என்று யாரும் கத்தவில்லை. பிள்ளைகளே வந்து கயிறைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஜெர்மன் காட்டுப் பள்ளிகளிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளைகள் முன்னால் ஓடலாம், ஆனால் பேசி வைத்த இடம் வந்ததும் நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். எல்லை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் பிள்ளைக்குச் சொந்தம்.

அப்புறம் நான் ஒரு பையனை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். நாலு வயது இருக்கும். நண்டு வளை ஒன்றைக் கண்டுபிடித்து விரலை விட்டான், எட்டவில்லை. கையால் தோண்டினான், ஈரமணல் சரிந்து வளையின் தடமே காணாமல் போனது. வேறொரு வளைக்குப் போனான். இந்த முறை தோண்டவில்லை. மேட்டிலிருந்து காய்ந்த வெள்ளை மணலை இரண்டு கையிலும் அள்ளி வந்து வளைக்குள் ஊற்றினான். ஊற்றி நிரப்பிவிட்டுச் சுற்றியிருந்த ஈரமணலை மெதுவாக விலக்கினான். கருத்த மணலுக்குள் வெள்ளை மணல் ஒரு வழியாக வளைந்து வளைந்து போனது. அந்த வெள்ளையைப் பின்தொடர்ந்தே முழங்கை ஆழம் போய்விட்டான். நண்டு கிடைக்கவில்லை. அவனுக்கு அது பெரிதாகவும் தெரியவில்லை. "டீச்சர், உள்ள ரோடு திரும்புது!" என்று கூவினான்.

டீச்சர் எழுந்து வந்து பார்த்தார். "எந்தப் பக்கம் திரும்புது?" என்று மட்டும் கேட்டார். பையன் கடலைக் காட்டினான், பிறகு சந்தேகப்பட்டு மரத்தைக் காட்டினான், பிறகு மறுபடி உட்கார்ந்து தோண்டினான். அவர் "சபாஷ்" என்று சொல்லவில்லை, விளக்கவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து அவன் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் வெள்ளை மணல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொரு பக்கம் இராவணன் மீசைப் பந்தயம். கடற்கரை மணலில் படரும் முரட்டுப் புல் அது. அதன் காய்ந்த கதிர்ப்பந்து காற்றில் தானாக உருண்டு ஓடும். தை மாதத்து வாடை வடக்கிலிருந்து வீசுவதால் இந்தக் கரையில் பந்தெல்லாம் கடலுக்குத்தான் ஓடுகிறது. ஒரு குட்டிப்பெண் கயிறு வரை விரட்டி வந்து நின்றாள், பந்து தாண்டிப் போய்விட்டது. அழுகை. ஆயாம்மா அடுத்த பந்தைக் கையில் கொடுத்து, "காத்து எங்கருந்து வருது பாப்பா?" என்றார். அவள் ஒரு பிடி மணலை மேலே விட்டுப் பார்த்தாள். அடுத்த முறை மேட்டுக்குப் போய், உடைமரப் புதருக்கு நேராகப் பந்தை விட்டாள். முள்ளில் சிக்கி நின்றது. எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்கு ஓடினாள்.

உடைமுள் வெள்ளையாக, நீளமாக இருக்கும். அதைப் பற்றித்தான் நான் அதிகம் பயந்தேன். ஒரு பிள்ளைக்கு முள் ஏறியது உண்மை. டீச்சர் தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கை எடுத்து, தண்ணீரில் கழுவி, மடியில் காலை வைத்து எடுத்துவிட்டார். அழுகை அடங்கியதும் அந்தப் பிள்ளையே மற்றவர்களுக்கு முள் கிடந்த இடத்தைக் காட்டியது. இங்குள்ள பிள்ளைகள் ஓடும்போதும் கண்ணைத் தரையில் வைத்திருக்கிறார்கள். மதுரையில் என் பிள்ளைகள் சமதரையில் தடுக்கி விழுகிறார்கள்.

செவ்வாய், பாம்பன்

பாம்பனில் கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கியிருக்கும், அதைப் பெண் கடல் என்கிறார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் முரண்டு பிடிக்கும். ஐந்து வயதுப் பிள்ளைகூட இன்றைக்கு எந்தப் பக்கம் வள்ளம் போகும் என்று சொல்கிறது.

பாசி எடுக்கப் போகும் பெண்கள் இங்கே நிறைய. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற வேலை. 1986-ல் இங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வந்தபின் அந்தப் பிழைப்பு இன்னும் இறுகிவிட்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் அப்பத்தா ஒருவர் பேரனை மடியில் வைத்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் நேராகவே கேட்டார்.

"ஏத்தா, நாங்க வெயில்ல காஞ்சது போதாதா? ஃபேன் காத்துல, பெஞ்சுல உக்காந்து படிக்கட்டும்னுதான் பிள்ளைய அனுப்புறோம். நீ மறுபடியும் மண்ணுல எறக்குறேங்குற."

இதற்கு உடனே பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. டென்மார்க்கில் காட்டுக்குப் போகும் பிள்ளை, சாயங்காலம் கதகதப்பான வீட்டுக்குத் திரும்புகிறது. அங்கே வெளியில் இருப்பது பெற்றோர் விரும்பிக் கேட்டு வாங்கிய ஒன்று. இங்கே வெயிலும் மண்ணும் உழைப்பின் மறுபெயர். மூன்று தலைமுறை கடலில் நனைந்த குடும்பம் பெஞ்சையும் சீருடையையும் ஆசைப்படுவது நியாயமான ஆசை. அதைத் தெரியாமல் யாரும் இந்தக் கரையில் 'இயற்கைக் கல்வி' என்று பேசக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்து நேற்றைய நண்டு வளைப் பையனைப் பற்றிச் சொன்னேன். அப்பத்தா சிரித்தார். "இதென்ன அதிசயம்? எங்க பிள்ளைக எல்லாஞ் செய்யுமே."

செய்யும். அதுதான் என் நெஞ்சில் தைக்கிறது. ஒளிந்திருக்கும் பாதையைக் கண்டுபிடிக்க ஒரு வழி யோசித்து, முதல் வழி தவறினால் அடுத்ததை முயன்று பார்க்கிற மூளையோடு அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. பள்ளி அதைக் கேட்பதே இல்லை. உனக்கு ஒன்றும் தெரியாது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. இந்தக் கரையில் மணலுக்கும் மரத்துக்கும் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. அந்தப் பிள்ளை செய்வதை உட்கார்ந்து பார்த்து, இது படிப்புத்தான் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும் பெரியவர்தான் வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்ததைத்தான் காட்டுப் பள்ளிகளின் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன்.

அப்பத்தாவிடம் இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது, "காலைல ரெண்டு மணி நேரம் மட்டும்னா பரவாயில்ல. எழுத்தும் சொல்லிக் கொடுக்கணும்" என்றார். நியாயமான நிபந்தனை.

புதன், இராமேசுவரம், தனுஷ்கோடி

அப்துல் கலாம் தன் பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் இந்த ஊரில் நடந்தது. ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் கரும்பலகையில் பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். புரியவில்லை என்று கலாம் சொன்னார், மற்ற பிள்ளைகளும் சொன்னார்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போய்ப் பறவைகளைக் காட்டினார். இறக்கையை எப்போது அடிக்கின்றன, வாலை எப்படித் திருப்புகின்றன என்று பார்க்கச் சொன்னார். தன் வாழ்க்கையின் திசை அங்கேதான் திரும்பியது என்று கலாம் சொல்வார்.

1940களின் தொடக்கத்தில் அதற்குத் தனிப் பெயரும் இல்லை, அரசாணையும் இல்லை. புரியவில்லை என்றதும் கதவைத் திறந்து வெளியே கூட்டிப் போகலாம் என்று ஓர் ஆசிரியருக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் பாதையின் ஓரத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. தலையைக் கவிழ்த்து அலகைச் சேற்றில் அரித்துக்கொண்டே நடந்தன. வேன் ஒன்றிலிருந்து இறங்கிய ஒரு குழந்தை தானும் குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டு உலகத்தைப் பார்த்தது. அதன் அம்மா காத்திருந்தார். இழுத்துக்கொண்டு ஓடவில்லை. மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

அரிச்சல்முனை வரை போனோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் ஊரையும் இரயிலையும் கடல் கொண்டுபோன இடம். இடிந்த தேவாலயத்துக்கு எதிரே நின்றபோது திங்கட்கிழமை பார்த்த கயிற்றை நினைத்துக்கொண்டேன். இந்தக் கரைக்காரர்களுக்குக் கடல்மேல் இருக்கும் பயம் சும்மா வந்ததில்லை. கடலோரப் பாலர் பள்ளி என்று ஒன்று வந்தால், தண்ணீர் அதன் மைதானமாக இருக்கவே கூடாது. கேட்கலாம், பார்க்கலாம், காற்றை வாங்கலாம். கால் நனைப்பது பெற்றோரோடு மட்டும்.

வியாழன், கீழக்கரை

நாள் முழுக்கப் பேருந்து. மதியம் கீழக்கரையில் தோழிக்குத் தெரிந்த ஒரு ராத்தா (இங்கே அக்காவை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) வீட்டில் சாப்பாடு. நடுவில் வானம் தெரியும் முற்றம், மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் உச்சிவெயிலிலும் அந்த முற்றத்து நிழலோடு நிழலாக இடம் மாறி விளையாடினார்கள். வெளியே போகத்தான் வேண்டும் என்பதில்லை, வீட்டுக்குள்ளேயே ஒரு துண்டு வெளியை விட்டுவைக்கலாம்.

வெள்ளி, சாயல்குடிப் பக்கம்

பனங்காட்டு மணல் பொடிமணல். நடந்தால் கால் புதைகிறது. நுங்குக்குச் சித்திரை பிறக்க வேண்டும், பதநீரும் இனிமேல்தான். இப்போது கிழங்குப் பருவம்.

பனையேறிகளின் ஓலைக் குடிசையான விடிலி ஒன்றுக்கு முன்னால் தாத்தாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண் மூடிய பாத்தி. எந்தக் கிழங்கு முற்றியது, எது இன்னும் கிடக்கலாம் என்று வெளியிலிருந்து தெரியாது. ஐந்து வயதுப் பேத்தி ஒவ்வொரு முளையையும் ஆட்டிப் பார்த்து, "இது இறுக்கமா இருக்கு தாத்தா" என்றாள். "அப்ப அதைத் தோண்டு." முளைத்த கொட்டையை வெட்டி உள்ளே இருந்த தவுனை எடுத்து எங்களுக்கும் கொடுத்தார்கள். மெத்தென்று இனித்தது.

பாலர் பள்ளி என்ற ஏற்பாட்டை 1840 வாக்கில் ஜெர்மனியில் உருவாக்கிய ஃபிரோபெல், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி இருக்க வேண்டும் என்றார். தானே விதைத்து, தானே பொறுத்திருந்து, தானே எடுக்க வேண்டும். பனம்பாத்தி அதற்கு ரொம்பப் பொருத்தம். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு தின்னாது, மழைக்காலம் முழுக்கப் பூமிக்குள் என்ன நடக்கிறதென்று பிள்ளை யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

தாத்தா கையில் பாளை சீவும் அரிவாள். பேத்தி ஓலை நறுக்கக் கேட்டாள். அவர் அதைக் கொடுக்கவில்லை, இடுப்பிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "உக்காந்துதான் வெட்டணும். கத்தி உன்னைப் பாக்கக் கூடாது. எந்திரிக்கும்போது கத்தி கீழ." பிள்ளை மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தது. ஐரோப்பியக் காட்டுப் பள்ளிகளில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் கத்தியால் குச்சி சீவுவதைப் படித்தபோது நம் ஊரில் இது நடக்காது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஒரு பனையேறி யாரிடமும் கேட்காமல் அதே மூன்று விதிகளோடு நடத்திக்கொண்டிருக்கிறார். ஓலைக் காற்றாடி கொஞ்சம் கோணலாக வந்தது. நன்றாகவே சுற்றியது.

சனி, காரங்காடு

கோட்டைக்கரையாறு கடலில் சேரும் இடம். வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். எங்களோடு ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள். மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நிற்கின்றன. பெரிய பிள்ளை எண்ண ஆரம்பித்து இருபதுக்கு மேல் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

படகு ஓட்டியவர் கிளை ஒன்றைப் பிடித்து இழுத்து, "இலைய நக்கிப் பாருங்க தம்பி" என்றார். அம்மா தயங்கினார், பையன் நக்கிவிட்டான். "உப்பு!" வேரில் குடித்த உப்புத்தண்ணீரில் மரத்துக்கு வேண்டாத உப்பை இலை வெளியே தள்ளுகிறது. உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாக மினுங்குவது கண்ணுக்கே தெரியும். தங்கை அதற்குள் தன் கையை நக்கிப் பார்த்தாள். "என் கையும் உப்பு!" அடுத்து அண்ணன் கை, அப்புறம் படகின் விளிம்பு. எல்லாம் உப்பு. பிறகு அம்மாவின் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, "இது உப்பு இல்ல" என்று அறிவித்தாள். ஓர் ஆராய்ச்சி அதற்குரிய ஒழுங்கோடு என் கண்முன் நடந்து முடிந்தது. மூன்று வயதுகூட நிறைந்திருக்காது.

கரையேறியபின் படகுக்காரரிடம் எல்லாப் பிள்ளைகளையும் இலை நக்கச் சொல்வீர்களா என்று கேட்டேன். "சொன்னா மறந்துரும்க்கா. நாக்குல பட்டா மறக்காது."

ஞாயிறு, மதுரைப் பேருந்தில்

பார்த்ததையெல்லாம் வைத்து யோசிக்கிறேன். ஜெர்மனிக்காரர்கள் குளிரை உடுப்பால் சமாளித்தார்கள். நாம் வெயிலைக் கடிகாரத்தால் சமாளிக்க வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை வெளியே, அதன்பின் சாப்பாடு, எழுத்து, தூக்கம் எல்லாம் கூரைக்கு அடியில். அப்பத்தா கேட்டதும் இதுதான். ஆடிக் கச்சான் மணலைக் கண்ணில் வாரி இறைக்கும்போது மரத்தடியை விட்டு முற்றத்துக்கு வந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட காலைகளில் மட்டும் போகலாம். பிள்ளைகள் வருமுன் ஒரு பெரியவர் போய் இடத்தைக் கம்பால் தட்டி, பாம்பு, தேள் பார்த்துவிட்டு வர வேண்டும். குடிதண்ணீரும் ஊக்கும் மஞ்சள்பொடியும் பையில் இருக்க வேண்டும். கயிறு கண்டிப்பாக வேண்டும்.

எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரை, வேம்பும் புளியும் நிற்கின்றன. மாசி முடிவதற்குள் வாரத்தில் ஒரு காலை அங்கே போகலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். ஒவ்வொரு வாரமும் இரண்டு தாய்மார் முறை வைத்து உடன் வர வேண்டும். அவர்களுக்கு ஒரே வேலைதான் கொடுப்பேன்: தன் பிள்ளை அல்லாத ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, இரண்டு மணி நேரம் அது என்னவெல்லாம் செய்தது என்று பார்த்து வந்து எனக்கும் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் சொல்ல வேண்டும்.